வி. ஸோரிட்சா என்று ஒருத்தி இல்லை

மூன்று சட்டைகளை என் மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் ஸோரிட்சா.

டெல்லியில் ஜனவரி மாதம். செக்‌ஷனில் இருந்தது ஒரே ஹீட்டர். அதை ஆளாளுக்குத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வதிலேயே காலை நேரம் கழிந்துவிடும். மேஜையெல்லாம் வேர்க்கடலைத் தோல். அவசரமாக அதை ஊதித் தள்ளினேன். அந்தச் சட்டைகளில் குப்பை ஒட்டக் கூடாது என்று ஏனோ தோன்றியது.

மூன்றும் முழுக்கைச் சட்டைகள். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று ஆரஞ்சு. கோல்கீப்பர் என்பதால் அணியின் நிறம் அவளுக்குக் கிடையாதாம். பச்சைச் சட்டையின் முழங்கை தேய்ந்து நூல் தெரிந்தது. மூன்றின் முதுகிலும் பன்னிரண்டு என்ற எண். எண்ணுக்கு மேலே ஒரே பெயர், வெல்யானிச். மார்பில் மட்டும் நாட்டின் பெயர் மூன்று விதமாக இருந்தது. யூகோஸ்லாவியா. செர்பியா மாண்டினீக்ரோ. செர்பியா.

அவள் கையில் எங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம் இருந்தது. அதன் சாரம் இதுதான்: 'வி. ஸோரிட்சா என்ற விண்ணப்பதாரர், ஸோரிட்சா வெல்யானிச் என்ற வேறொருவரின் விளையாட்டுச் சான்றிதழ்களை இணைத்திருக்கிறார். அந்த வேறொருவரும் மூன்று வெவ்வேறு நாடுகளுக்கு ஆடியதாகச் சான்றிதழ்கள் கூறுகின்றன. இந்தியப் பிரஜையான விண்ணப்பதாரர் இதை ஏழு நாட்களுக்குள் விளக்க வேண்டும்.'

"யார் இந்த வி. ஸோரிட்சா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். அந்த வி. ஸோரிட்சாவை உண்டாக்கியவள் நான்தான்.

கைப்பந்து இல்லை, ஹேண்ட்பால்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் தண்ணீர்ச் சண்டையைப் படித்துவிட்டு, "நீங்கள் எப்போதும் கோபமாகவே இருக்கிறீர்களே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த வாரம் அவர் வேறு பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது.

நான் வேலை பார்த்தது விளையாட்டு சம்பந்தப்பட்ட ஒரு மத்திய அரசு அலுவலகம். விளையாட்டுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், விளையாடுகிறவர்களின் ஃபைல்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்புவது. நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது நடந்தது இது.

ஹேண்ட்பால் என்றால் என்ன என்று நம் வாசகர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கு அவர்கள்மேல் குற்றமில்லை. கைப்பந்து என்று தமிழில் எழுதினால் எல்லோரும் வாலிபாலை நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரை வாலிபால் எடுத்துக்கொண்டுவிட்டது. உண்மையான கைப்பந்துக்குத் தமிழில் பெயர் இல்லாமல் போய்விட்டது. அணிக்கு ஏழு பேர், கூரைக்குள் ஆட்டம், கையால் எறிந்து கோல் போட வேண்டும். ஆறு மீட்டர் தூரத்திலிருந்து முழு பலத்தோடு வரும் பந்தைக் கைகால் விரித்துத் தடுக்க வேண்டியவள் கோல்கீப்பர். கையுறை கிடையாது.

ஸோரிட்சாவின் இடது சுண்டுவிரல் பக்கவாட்டில் வளைந்திருக்கும். முதல் நாள் அவள் கை குலுக்கியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து முறை உடைந்ததாம். ஆறாவது முறை டாக்டரிடமே போகவில்லையாம்.

அவள் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியிருந்தன. முழங்காலில் இரண்டு ஆபரேஷன். எங்கள் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக, ஆறு மாத ஒப்பந்தத்தில் அவளை டெல்லிக்கு அழைத்திருந்தார்கள். பக்கத்து நாடுகள் கலந்துகொள்ளும் போட்டி ஒன்று இங்கேயே நடக்க இருந்தது. அதில் அவள் தலைமைப் பயிற்சியாளராகப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்றால், அவள் தேசிய அணிக்கு ஆடியவள் என்று எங்கள் அலுவலகம் அங்கீகரித்து அட்டை தர வேண்டும். போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

'அவர்' என்று எழுதத்தான் பார்த்தேன். எழுதினால் எங்கோ தூரத்தில் போய் நின்றுகொள்கிறாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். அவள் என்றே எழுதுகிறேன்.

கருப்பன் மேடம்

என் தப்பைச் சொல்வதற்கு முன்னால் என் பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

விருதுநகரில் நான் பி. செல்வராணி. பி என்பது என் அப்பா பெரியகருப்பன். ஊரில் யாரும் அந்த எழுத்தைப் பெரிதாக நினைத்ததில்லை. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் இரண்டு செல்வராணி இருந்தால் பிரித்துச் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

டெல்லிக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், ஒரு படிவத்தில் மூன்று கட்டம் போட்டு நீட்டினார்கள். முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அப்படி விடக் கூடாது என்று ஒரு குமாஸ்தா என் அப்பாவை அதில் உட்கார வைத்தார். அன்று முதல் நான் செல்வராணி பெரியகருப்பன். அதுவும் நீளமாக இருந்ததால் கருப்பன் மேடம்.

முப்பத்து மூன்று வருஷம். கேஸ் புக்கில், பாங்கில், ஆஸ்பத்திரிச் சீட்டில், என் பையனின் பள்ளிக்கூட மீட்டிங்கில் எல்லா இடத்திலும் கருப்பன் மேடம். அப்பா மதுரையைத் தாண்டி வடக்கே போனவர் இல்லை. டெல்லி முழுக்க அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. செல்வராணி என்று என்னைக் கூப்பிட அலுவலகத்தில் இருந்தது ஒரே ஆள், எங்கள் செக்‌ஷன் ஆபீசர் ராமநாதன் சார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம்.

இதெல்லாம் எனக்குள் எத்தனை கோபமாகத் தேங்கியிருந்தது என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

நான் செய்த நல்ல காரியம்

ஸோரிட்சா சேர்ந்த அன்று அவளுடைய பாஸ்போர்ட் நகல் என் மேஜைக்கு வந்தது. குடும்பப் பெயர் வெல்யானிச் என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. ஸோரிட்சா கீழே. அதைப் பார்த்ததும் எனக்குப் பொங்கியது. இந்தப் பெண்ணையும் அவள் அப்பா பெயரால் கூப்பிடப் போகிறார்கள், வெல்யானிச் மேடம், வெல்யானிச் மேடம் என்று ஆறு மாதம் இழுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் செக்‌ஷன் பதிவேட்டில் பெயருக்கு ஒரே கட்டம்தான். அதில் நான் அடித்தேன்: வி. ஸோரிட்சா.

அப்பாவை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்தேன். அவளை முழுசாக வைத்தேன். எனக்கு டெல்லி செய்யாததை அவளுக்கு நான் செய்துவிட்ட திருப்தி. அன்று கேன்டீனில் எனக்கு நானே ஒரு குலாப்ஜாமூன் வாங்கிச் சாப்பிட்டேன். பொய் இல்லை.

பதிவேட்டிலிருந்து அந்தப் பெயர் அடுத்த மேஜைக்குப் போனது. அங்கே இருந்தவர் வடக்கத்திக்காரர். இனிஷியல் முன்னால் வந்தால் மதராசி என்பது டெல்லி அலுவலகங்களில் எழுதாத சட்டம். கேரளாவிலோ தமிழ்நாட்டிலோ யாரோ கிறிஸ்துவப் பெண் என்று எடுத்துக்கொண்டார். வெளிநாட்டு நிபுணர் என்ற வரிசையிலிருந்து அவளைத் தூக்கி, உள்ளூர்ப் பயிற்சியாளர் வரிசையில் போட்டார். பிரஜை என்ற இடத்தில் இந்தியா என்று நிரப்பினார். அதற்கடுத்த மேஜையில் இருந்தவர் ஒரு படி மேலே போய், இருப்பிடச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்று குறிப்பு எழுதினார்.

பாஸ்போர்ட் நகல் அதே ஃபைலில் நான்காவது பக்கத்தில் இருந்தது. மூன்று மேஜை தாண்டியும் ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அவளைத் தினமும் நடைபாதையில் பார்க்கிறார்கள். ஆறடி உயரம், மக்காச்சோளக் குஞ்ச நிறத்தில் தலைமுடி. ஹிந்தியில் அவளுக்குத் தெரிந்தது பையா, ஜல்தி, அதாவது அண்ணே, சீக்கிரம் என்ற இரண்டு வார்த்தை, அதுவும் ஆட்டோக்காரர்களிடம் கற்றது. இருந்தாலும் தாளில் மதராசி என்றால் மதராசிதான். கண்ணைவிடத் தாளை நம்புகிற இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இருக்கிறது, யோக்கியதைதான் இல்லை. ஆரம்பித்து வைத்தவள் நான்.

ஒரு கையெழுத்துப் போதும்

சட்டைகளை அவள் மடித்து எடுத்துக்கொண்டு போன பிறகு ராமநாதன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேர்க்கடலையை உரித்தபடியே கேட்டார்.

"ஏம்மா செல்வராணி, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே. வி. ஸோரிட்சாவும் அந்த வெல்யா, என்னமோ, அவங்களும் ஒரே ஆள்தான்னு ஒரு அஃபிடவிட் வாங்கிடு. காம் ஹோ ஜாயேகா, வேலை முடிஞ்சிடும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. டெல்லியில் இருக்கும் எந்தத் தமிழர் வீட்டு பீரோவைத் திறந்தாலும் இப்படி இரண்டு அஃபிடவிட் கிடைக்கும். என்னிடம் நான்கு இருக்கின்றன. பி. செல்வராணியும் செல்வராணி பெரியகருப்பனும் ஒருவரே. செல்வராணி பி.யும் எஸ். பெரியகருப்பனும் ஒருவரே. கோர்ட் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போனால் பத்து நிமிஷத்தில் அடித்து, முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட எதற்கு என்று கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே தாளை அடித்து வாங்கி வைத்துக்கொண்டேன். ஸோரிட்சாவைக் கிட்வாய் நகரில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். தோசை வார்த்துப் போட்டேன். மிளகாய்ப்பொடியை எண்ணெய் விடாமல் அப்படியே தொட்டுச் சாப்பிட்டாள். அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது தாளை நீட்டலாம் என்பது என் கணக்கு. அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு வேறு எப்படி யோசிக்க வரும்.

தாளை இரண்டு முறை படித்தாள். அவள் ஆங்கிலம் சிக்கனமானது. நான் தமிழில் தருகிறேன்.

"இதில் கையெழுத்துப் போட்டால் நான் என்ன சொன்னதாக அர்த்தம்?"

இரண்டு பெயரிலும் அறியப்பட்டவர் என்று அர்த்தம் என்றேன்.

"இந்தப் பெயரில் என்னை யாருக்கும் தெரியாது. வி. ஸோரிட்சா என்று ஒருத்தி இல்லை. இல்லாதவள் நான்தான் என்று எப்படிச் சத்தியம் பண்ணுவேன்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கையெழுத்து. போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. உன் அப்பா பெயர் ஓர் எழுத்தாகிவிட்டால் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்டேவிட்டேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். வெல்யானிச் அவள் அப்பா பெயர் இல்லையாம். அப்பா பெயர் துஷான். வெல்யானிச் என்பது அவர்கள் எல்லோரும். தாத்தாவும் வெல்யானிச், அண்ணனும் வெல்யானிச், அண்ணன் பெண்களும் வெல்யானிச்.

ஆக, நான் சுருக்கி வைத்தது அவள் அப்பாவைக்கூட இல்லை. தோசைக்கல்லில் ஒன்று கருகிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

குளிரில் பிசின்

அன்று அவள் சொன்னதை நினைவிருக்கும்வரை எழுதுகிறேன். வரிசை முன்பின்னாக இருக்கலாம்.

டான்யூப் கரையில் ஒரு சின்ன ஊர். அப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். பள்ளிக்கூட ஜிம்மில் பன்னிரண்டு வயதில் அவளைக் கோலில் நிறுத்தினார்கள். நன்றாக ஆடியதால் இல்லை, பந்து வரும்போது கண்ணை மூடாதவள் அவள் ஒருத்திதான் என்பதால். பதினேழு வயதில் நாட்டின் ஜூனியர் அணி. பச்சைச் சட்டை அப்போது கிடைத்தது.

பதினெட்டு வயதில் ஒரு பெரிய போட்டிக்குப் பெட்டி கட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். பஸ் வரவில்லை. நாடு உடைந்து போர் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் நாட்டு அணி எதுவும் வெளியே ஆடக் கூடாது என்று உலகம் முழுக்கத் தடை. பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்தார்களாம். அடுத்த மாதம் சரியாகிவிடும், அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று வருஷங்கள் போயின.

ஜிம்முக்குச் சூடேற்ற எரிபொருள் இல்லை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஹேண்ட்பாலில் பந்து கையில் ஒட்டுவதற்கு விரல்களில் பிசின் தடவிக்கொள்வார்கள். அந்தக் குளிரில் பிசின் டப்பாவுக்குள் கல்லாகிவிடும். டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உருக்குவார்களாம். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது என்றாள். பைன் மரமும் வியர்வையும் கலந்த வாசனை.

"எல்லோரும் சொன்னார்கள், கொஞ்ச நாளைக்கு நீங்கள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் நான்கு மணிக்குப் போய்க் கோலில் நின்றேன்."

அதற்குப் பிறகு ஹங்கேரியில் ஒரு கிளப். அங்கே முதல் வருஷம் சட்டையில் பெயரைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள், ஒரு எழுத்து குறைவு. சரி செய்யும்வரை பெயரில்லாத சட்டை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாளாம். தடை நீங்கித் தேசிய அணிக்குத் திரும்பினாள். அப்போதும் மார்பில் பழைய பெயர்தான். சில வருஷத்தில் நாட்டுக்குப் பெயர் மாறியது. மஞ்சள் சட்டை வந்தது. அப்புறம் மறுபடி பெயர் மாறியது. ஆரஞ்சுச் சட்டை வந்தபோது அவளுக்கு முழங்கால் போய்விட்டது. அதைப் போட்டுக்கொண்டு சில ஆட்டங்கள்தான். கடைசி ஆட்டத்தில் முழங்கால் வீக்கத்தோடு இரண்டாவது பாதியில் இறங்கினாள். கேலரி முழுக்க "வெல்யானிச், வெல்யானிச்" என்று சத்தம் போட்டார்களாம்.

"நாட்டின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. முதுகில் இருந்த பெயர் மாறவில்லை. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்."

நான் அந்தத் தாளை எடுத்து இரண்டாக மடித்தேன்.

"தப்பு செய்தது யார்?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"அப்படியானால் நீங்கள் எழுதுங்கள்."

தப்பு செய்தவர்கள் இல்லாத ஊர்

அரசாங்க அலுவலகத்தில் தப்பு நடக்கும், தப்பு செய்தவர் யாரும் இருக்க மாட்டார். 'கவனக்குறைவால் பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதுவோம். பிழை தானாக நடந்து வந்து ஃபைலுக்குள் படுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். நானே நூறு தடவை அப்படி எழுதியிருக்கிறேன்.

மறுநாள் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'இவர் பெயர் ஸோரிட்சா வெல்யானிச். செர்பிய நாட்டவர். பதிவேட்டில் வி. ஸோரிட்சா என்று அடித்தது நான். இவரைக் கேட்காமல் அடித்தேன். இவருடைய நாட்டின் பெயர் இரண்டு முறை மாறியது, இவர் மாறவில்லை. பாஸ்போர்ட் நான்காம் பக்கம் பார்க்கவும்.' கீழே முழுக் கையெழுத்துப் போட்டேன்.

ராமநாதன் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போற. இப்பப் போயி நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்தா எவன் சும்மா இருப்பான்? உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். அந்தம்மாவ ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு."

அவங்க போட மாட்டாங்க சார் என்றேன்.

"அப்ப அவங்க தலையெழுத்து" என்று ஃபைலை டிராயரில் வைத்தார்.

அவர் கெட்டவர் இல்லை. என் பையனுக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர். அந்த நல்லவர் ஃபைலை நான்கு நாள் டிராயரில் வைத்திருந்தார். தினமும் காலையில் கேட்பேன். லஞ்சுக்குப் பிறகு பார்க்கலாம் என்பார். லஞ்சுக்குப் பிறகு வெயிலில் புல்தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பார்.

ஐந்தாவது நாள் நான் குறிப்பின் நகலை எடுத்துக்கொண்டு நேராக அண்டர் செக்ரட்டரி அறைக்குப் போனேன். முப்பத்து மூன்று வருஷத்தில் நான் வரிசை தாண்டியது அன்றுதான். அவர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், பொறுமையாகப் படித்தார். விஷயம் தெளிவாக இருக்கிறது, கருப்பன் மேடம், உடனே திருத்திவிடலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் இது முறைப்படி செக்‌ஷன் ஆபீசர் வழியாக வர வேண்டும் என்று சொல்லி, நகலின் மூலையில் அப்படியே எழுதி, ராமநாதன் சாருக்கே அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தோடு படிக்கட்டில் இறங்கி என் மேஜைக்குத் திரும்பினேன். மூன்று நாள் கழித்துப் போட்டி ஆரம்பித்துவிட்டது.

டி

ஹேண்ட்பாலில் பெஞ்சில் உட்காரும் நான்கு பேருக்கு ஏ, பி, சி, டி என்று அட்டை தருவார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஏ அட்டைக்காரர்தான் பொறுப்பாளர். நேரம் குறிப்பவரோடும் நடுவர்களோடும் பேசும் உரிமை அவருக்குத்தான். மற்றவர்கள் தங்கள் ஆட்டக்காரர்களோடு பேசலாம், மேஜைப் பக்கம் போகக் கூடாது.

ஸ்டேடியம் வாசலில் அட்டைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஸோரிட்சா வெல்யானிச் பெயரில் எதுவும் இல்லை. கடைசியில் ஒன்று இருந்தது. 'டி. வி. ஸோரிட்சா, உள்ளூர் உதவியாளர், இந்தியா.' ஏ அட்டை எங்கள் அலுவலகம் அனுப்பிய மேனேஜருக்கு. அவர் ஃபோட்டோவுக்காக வந்தவர், பந்தைத் தொட்டவர் இல்லை.

அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போக வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். எங்கள் கோல்கீப்பர் பெண்கள் இரண்டு பேர் சுவரோரம் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதமாக அவர்களை அவள் தினமும் நிற்க வைத்து, பந்து வரும்போது கண்ணை மூடாமலிருக்கப் பழக்கியிருந்தாள்.

அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அஃபிடவிட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவள். நான் அவள் கையைப் பிடித்து, வேண்டாம் என்றேன்.

"பந்து வருகிறது" என்றாள். "முகத்தால்தான் தடுக்க முடியும் என்றால் முகத்தால் தடுக்க வேண்டும்."

அணி முதல் இரண்டு ஆட்டங்களை ஜெயித்தது. மூன்றாவது ஆட்டம் அரையிறுதி. கேலரியில் முன்வரிசையில் நான் இருந்தேன். கடைசி ஒரு நிமிஷத்தில் நம் அணி ஒரு கோல் பின்னால். ஒரு பெண் அடிபட்டு விழ, நடுவர் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தினார். கடிகாரம் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் பார்த்தவள் ஸோரிட்சா.

மேனேஜரின் தோளைத் தட்டினாள். அவர் போனில் இருந்தார், கையை உயர்த்தி இருங்கள் என்றார். அவள் எழுந்து மேஜைக்குப் போய்க் கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினாள். மேஜையிலிருந்தவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் கழுத்து அட்டையைப் பார்த்தார்.

"டி, பைட்டியே" என்றார். டி, உட்காருங்கள்.

அவள் மறுபடி காட்டினாள். நடுவர் வந்து அவளுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள். ஆட்டம் மறுபடி தொடங்கியபோது, நம் பெண்கள் ஒருமுறை பந்தைக் கைமாற்றினார்கள். ஹூட்டர் அடித்துவிட்டது. ஒரு கோலில் தோல்வி.

அந்த நொடிகள் இருந்திருந்தால் கோல் விழுந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவள் கழுத்தில் ஏ இருந்திருந்தால் கடிகாரம் நின்றிருக்கும் என்பது தெரியும். நான் கேலரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தமிழில், விருதுநகர்த் தமிழில், வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் யாரைத் திட்டுகிறேன் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது. என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

சங்கத்திலிருந்து ஒரு போன்

ஸோரிட்சா ஒப்பந்தத்தை முடிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் கிளம்பிவிட்டாள். என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை என்றாள். இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் போய் ஒன்பதாவது நாள் பெயர்த் திருத்த உத்தரவு வந்தது. வரிசை தாண்டியதற்கு எனக்கு ஒரு மெமோவும் வந்தது. இரண்டையும் ஒரே பியூன் ஒரே டிரேயில் கொண்டுவந்து வைத்தார்.

போட்டி மலரில் ஏற்கெனவே அச்சாகிவிட்டிருந்தது: 'வி. ஸோரிட்சா, இந்தியா.' மூன்று நாட்டுக்கு ஆடியவளுக்கு நாலாவதாக ஒரு நாட்டை நாங்கள் ஒட்டவைத்து அனுப்பினோம்.

அந்த மலரைப் பார்த்துவிட்டுத்தான் அந்த போன் வந்தது. டெல்லியில் நம்மவர்கள் நடத்தும் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கம். ராமநாதன் சார் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். பேசியவர் மரியாதையான மனிதர், குரலில் அத்தனை சந்தோஷம்.

"வணக்கம் மேடம். நம்ம தமிழ்ப் பொண்ணு ஒருத்தங்க ஹேண்ட்பால் டீமோட பெஞ்சுல இருந்தாங்களாமே, வி. ஸோரிட்சான்னு. பொங்கல் விழாவ இந்த வருஷம் கொஞ்சம் லேட்டா வச்சிருக்கோம். அதுல சால்வை போத்தலாம்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம். அவங்க எந்த ஊருங்க?"

நான் கத்தவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தமிழ்ப் பெண் இல்லை, செர்பிய நாட்டவர், பெரிய கோல்கீப்பர், திரும்பிப் போய்விட்டார், மலரில் இருப்பது தப்பான பெயர். அவர் மிகவும் வருத்தப்பட்டார். பரவாயில்லை மேடம், மேடையில் அவங்க பேரையாவது சரியாகச் சொல்லி ஒரு வாழ்த்து வாசிக்கிறோம், சரியான பெயரைச் சொல்லுங்கள் என்றார். ஸோரிட்சா வெல்யானிச் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, ஒரு முறை பிழையில்லாமல் திருப்பிப் படித்தார்.

"சரிங்க மேடம், எழுதிக்கிட்டேன்" என்றார். "இனிஷியல் என்னங்க?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவராவது கேட்டார்.

நான் கேட்கவே இல்லை.